பயனர் இல்லை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அண்ணன் விறைப்பாக உட்கார்ந்து சிரிக்க முயன்றுகொண்டிருக்கிறான். பக்கத்து நாற்காலி காலி. படம் பிடிப்பவர் கண்ணைக் கருவியில் வைத்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, அண்ணி "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். ஜோடியாக நிற்கிற படங்கள் எவ்வளவோ இருந்தும் அண்ணன் வேண்டுமென்றே இதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டான். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "பாருங்க, என் பொண்டாட்டி அச்சு அசலா விழுந்திருக்கா" என்று காட்டுவான்.

அண்ணி ஒரு கோப்பை காபியை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. சாப்பாடு பாதி, பேச்சு பாதி, சண்டை கூடப் பாதி. நான் மூக்கு சிவக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது "இதோ வந்துட்டேன், விட்ட இடத்துலேர்ந்து கத்து" என்று போய்விட்டால் மனுஷி எப்படித்தான் சண்டை போடுவது? அவரைக் குறை சொல்லவும் வாயில்லை. அவரை உட்கார விடாதவர்களே நாங்கள்தான். அம்மாவுக்கு முட்டிவலித் தைலம், அண்ணன் மகளுக்கு ஒற்றைச் செருப்பு, அண்ணனுக்கு அவன் நெற்றியிலேயே ஏற்றிவிட்டுத் தேடும் மூக்குக்கண்ணாடி. ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம்.

அலுவலகத்திலும் அதே கதைதான். டயர் கடைக்கு மேல்மாடியில், படியேறும்போதே ரப்பர் வாசனை அடிக்கிற சின்னக் கம்பெனி அது. பெரிய இடங்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பார்த்துக்கொள்வது தொழில். அண்ணி அங்கே புரோகிராம் எழுதுகிறவர். அவருக்கு அங்கே 'இதோ மேடம்' என்று பெயர். அவர் சிபாரிசில் சேர்ந்த நான் உதவி எண்ணில் போன் எடுக்கிறவள். போனில் தேனாகப் பேசுவேன், வைத்ததும் தேளாகிவிடுவேன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்களிடம் இருந்தவற்றில் பெரிய வேலை, பள்ளி ஆசிரியர்களுக்கான இணையதளம். விடுப்பு, இடமாற்றம், புகார், உடம்பு சரியில்லாமல் போனவர்கள் மறுபடி வேலையில் சேர்வது எல்லாம் அதன் வழியாகத்தான். பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். உள்ளே நுழைந்து பதினைந்து நிமிடம் திரையில் இருக்கிற எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை என்றால், ஆள் போய்விட்டார் என்று இணையதளம் கதவைச் சாத்திவிடும். எழுதிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. எழுத்தெல்லாம் அவரவர் திரையில் நிற்கும், கடைசியில் 'அனுப்பு' என்று அழுத்தினால்தான் எங்களிடம் வந்து சேரும். பாவப்பட்ட மனிதர் எல்லாம் எழுதி, திருத்தி, பெருமூச்சு விட்டு அழுத்துவார். "உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது. மீண்டும் உள்நுழையவும்" என்று வரும். மறுபடி நுழைந்தால் வெள்ளைப் பக்கம்.

உடனே எனக்குப் போன் வரும்.

"காலாவதின்னா என்னம்மா? நான் என்ன மருந்து பாட்டிலா?" என்று ஒரு தலைமையாசிரியர் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

முதலாளியிடம் நேரத்தைக் கூட்டச் சொன்னால் மாட்டேன் என்பார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பல பள்ளிகளில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணினி. ஒரு முறை ஓர் ஆசிரியை தலைமையாசிரியை மேல் புகார் எழுதிக்கொண்டிருந்தபோது மணி அடித்திருக்கிறது. மூடாமல் வகுப்புக்குப் போய்விட்டார். அடுத்து வந்து உட்கார்ந்தது அந்தத் தலைமையாசிரியையேதான். "புகார் எழுதின அந்தம்மா இன்னைக்கு வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டிருக்கு" என்பார் முதலாளி.

அண்ணிக்கு இது மனசை அரித்தது. "எழுந்து போறவங்க எல்லாம் திரும்பி வரத்தானே போறாங்க? அதுக்குள்ள கதவைச் சாத்தினா எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். "இனிமே யாராவது எழுதினது போச்சுன்னு சொன்னா, அந்த நேரம் எங்க போயிருந்தீங்கன்னு கேளு."

"அடி வாங்கித் தர்றீங்களா அண்ணி?" என்றேன்.

அடி விழவில்லை. கேட்டால் போதும், மனிதர்கள் கொட்டினார்கள். ஒருவர் பரணில் ஏறிப் பழைய நியமன ஆணையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. ஒருத்தி, இடமாற்றம் கேட்பதற்கான காரணத்தை எழுதப் போய், அந்தக் காரணமே அடுத்த அறையிலிருந்து "என்னைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வையேன்" என்று கூப்பிட்டதால் எழுந்து போயிருக்கிறாள். அது அவளுடைய அப்பா. நான் நாள் முழுக்க 'காலாவதி, காலாவதி' என்று பேசிக்கொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனைக்கும் நடுவில் மனிதர்கள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி முடிக்கிறார்களே என்று மலைப்பாக இருந்தது.

அண்ணி ஓர் ஏற்பாடு செய்தார். கதவைச் சாத்துவதற்கு முன் மணிச் சத்தத்தோடு திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து கேட்கும்: "எழுந்து போய்விட்டீர்கள் போலிருக்கிறது. இருக்கிறீர்களா?" அதன் கீழே 'ஆம்' என்று ஒரு பொத்தான். ஒரு நிமிடத்துக்குள் அதை அழுத்தினால் இன்னொரு பதினைந்து நிமிடம். அழுத்தாவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும், எங்கள் பக்கத்துப் பதிவில் 'பயனர் இல்லை' என்று ஒரு வரி விழும். எழுதியதைச் சேமித்து வைக்கவும் அண்ணி கேட்டார். "மருத்துவ விவரமெல்லாம் இருக்கு, வேற யார் கண்ணுலயாவது பட்டா யார் பதில் சொல்றது?" என்று முதலாளி மறுத்துவிட்டார்.

அதற்கே பலன் தெரிந்தது. போன்கள் பாதிக்கு மேல் குறைந்தன. முதலாளி எல்லோரையும் நிறுத்தி வைத்து அண்ணிக்காகக் கைதட்டச் சொன்னார். தட்டினோம். அண்ணி இடத்தில் இல்லை.

ஆனால் ஒரு பயனர் மட்டும் மிஞ்சினார். மருத்துவ விடுப்பிலிருந்து வேலைக்குத் திரும்பும் விண்ணப்பம். தினமும் முற்பகலில் உள்ளே வருவார். மணி அடிக்கும், பெட்டி கேட்கும், பதில் வராது. பயனர் இல்லை. மறுநாள் அதே நேரம், அதே பக்கம், மறுபடி பயனர் இல்லை. அவர் என்ன எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியாது. பெயர் கூடத் தெரியாது, அவருடைய பயனர் எண்ணும் வந்ததும் போனதும்தான் தெரியும்.

"பாவம், என்னை மாதிரி யாரோ. உக்கார விட மாட்டேங்கறாங்க" என்றார் அண்ணி. மணிச் சத்தத்தைக் கூட்டினார். அடுப்படி வரை கேட்க வேண்டுமாம். ஒரு நிமிடத்தை இரண்டாக்கினார். அப்போதும் பயனர் இல்லை.

அந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் வராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே சிவப்பில் எழுதியிருந்தது. மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன், பதில் இல்லை. எங்களிடம் இருந்த தொலைபேசி எண் பள்ளிக்கூடத்துடையது. அவர்தான் பள்ளிக்கே போகவில்லையே. வீட்டில் அம்மாவுக்குத் தைலம் தேய்க்கும்போதும் அண்ணி, "அந்தப் பொம்பள இன்னைக்காவது அனுப்பியிருப்பாளா?" என்பார். ஆணா பெண்ணா என்றே தெரியாத ஒருவர் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார்.

ஒரு நாள் முற்பகலில் உதவி எண் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் ஒலிபெருக்கியைப் போட்டு, "பாருங்க, வேலையத்தவங்க விளையாடறாங்க" என்று பக்கத்து மேசைக்குக் காட்டிவிட்டு வைக்கப் போனேன். எங்கேயோ போய்விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்த அண்ணி, நடந்தபடியே சட்டென்று நின்றார்.

"வைக்காத."

அந்த மூச்சில் அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது. என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். "நாங்க இருக்கோம். அவசரமே இல்ல, மெதுவா சொல்லுங்க" என்றார் போனைப் பார்த்து.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. அந்தப் பக்கம் ஒரு சுவர்க்கடிகாரம் கேட்டது. என் கை தானாகவே போனை நோக்கிப் போயிற்று. அண்ணி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நா..." என்றது ஒரு பெண் குரல். "நான்... இருந்... தேன்."

"சொல்லுங்கம்மா."

"பெட்டி... கேக்குது. இருக்கீங்களான்னு." மறுபடி கடிகாரம். "இருக்கேன். கை... போகல."

நான் என் வாழ்க்கையில் எவ்வளவோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், என் தொழிலே அதுதான். ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்து சேர்வதை அன்றுதான் கேட்டேன். சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை அவர். போன வருஷம் மூளையில் ரத்தம் கட்டி, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கை போயிற்று. சொற்களும் அதோடு போய், ஒன்றொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. மனசுக்குள் இருக்கிற சொல் வாய்க்கும் விரலுக்கும் வருவதற்குள் நேரம் ஓடிவிடும். தம்பி குடும்பம் காலையில் வேலைக்குப் போனதும், இடது கையின் ஒற்றை விரலால் எழுத உட்காருவார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வரும் நேரம் பார்த்து எங்கள் பெட்டி அந்த வரிக்கு மேலேயே வந்து உட்கார்ந்து மணியடிக்கும். பிடித்த சொல் பறந்துவிடும். பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் கதவு சாத்திக்கொள்ளும். அதற்கு மேல் அன்றைக்குத் தெம்பு இருக்காது. மறுநாள் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்.

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்கும்வரை அண்ணி மேசையை விட்டு எழவில்லை. இரண்டு பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"தம்பிகிட்ட சொல்லி எழுதச் சொல்லலாமேம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"என் வேலை. நான்... எழுதணும்." அப்புறம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "முதல் வரி... மனப்பாடம்... ஆயிடுச்சு."

தினமும் அழிந்துபோகிற ஒரு பக்கத்தைத் தினமும் எழுத உட்கார்ந்து, அதைச் சொல்லிச் சிரிக்கவும் முடிகிறதென்றால் அந்த மனசு எதனால் செய்ததோ! காபி ஆறிவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் நான்.

போனை வைத்த பிறகு அண்ணி தன் இடத்துக்குப் போய்ப் பதிவைத் திறந்தார். பயனர் இல்லை, பயனர் இல்லை என்று வரிசையாக நின்றது. "நான் எழுதின வரிடி இது" என்றார். "அவங்க கண்ணெதிர உக்காந்திருக்காங்க, நான் இல்லன்னு எழுதி வச்சிருக்கேன். ஊர்ல எல்லாரும் என்னை மாதிரி எழுந்து ஓடறவங்கன்னே நெனச்சுட்டேன். உக்காந்தே இருக்கறவங்க ஞாபகமே வரல." அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. நேரே முதலாளி அறைக்குள் போனார்.

முதலாளி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, தன் பழைய கேள்வியை விடாமல் கேட்டார், ஆனால் குரல் இறங்கியிருந்தது. "சரிம்மா, சேமிக்கலாம். அதே கம்ப்யூட்டர்ல இன்னொருத்தர் வந்து உக்காந்தா?"

"திரை போட்டுடறேன் சார்."

அண்ணி போட்ட திட்டம் எனக்கே புரிகிற அளவுக்கு எளிமையாக இருந்தது. ஓர் எழுத்து விழுந்தால் போதும், ஆள் இருக்கிறார் என்று பொருள். விழுகிற எழுத்தெல்லாம் அவ்வப்போது எங்களிடம் வந்து அவர் பெயரில் பத்திரமாக இருக்கும். கேள்வி கேட்கும் பெட்டியும் மணியும் கிடையாது. வெகுநேரம் ஒன்றும் விழாவிட்டால் மட்டும் பக்கத்தின் மேல் ஒரு திரை இறங்கி, எழுதியதை மறைக்கும். தன் கடவுச்சொல்லைப் போட்டால் திரை விலகும். அதே பக்கம், அதே வரி, எந்த எழுத்தில் நின்றதோ அதே எழுத்து. வேறு ஒருவர் தன் கடவுச்சொல்லைப் போட்டால் அவருடைய பக்கம்தான் வரும். கணினியையே அணைத்துவிட்டு மறுநாள் வந்தாலும் எழுதியது காத்திருக்கும்.

திரையில் என்ன எழுதுவதென்று அண்ணி என்னைக் கேட்டார். "எழுந்து போயிட்டீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன். "நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் தொடரலாம்" என்று நான் சொன்ன வரியை மாற்றாமல் போட்டார். என் வாயிலிருந்து இவ்வளவு மரியாதையான வரி வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

அதைச் சோதித்துப் பார்த்த நாளை அலுவலகம் இன்னும் பேசுகிறது. அண்ணி வலது கையைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டிக்கொண்டார். இடது கையின் ஒரே விரலால், வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, ஒரு விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்தார். யார் கூப்பிட்டும் எழவில்லை. அண்ணன் எனக்குப் போன் செய்து, "உங்க அண்ணி போனே எடுக்கல, உடம்புக்கு என்ன?" என்று பதறினான். "உக்காந்திருக்காங்க" என்றேன். "உக்காந்திருக்காளா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றான்.

நான் சிரித்தேன். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பத்தி முடிவதற்குள் அண்ணியின் நெற்றி வியர்த்துவிட்டது. "எனக்கு வார்த்தை மனசுல இருக்குடி, வெரல் மட்டும்தான் மெதுவு" என்றார். "அவங்களுக்கு ரெண்டும் இல்ல. எப்படித்தான் தினம் உக்கார்றாங்களோ!" அன்று அவர் ஒரு காபியை முழுசாகக் குடித்தார். கட்டியிருந்ததால் வேறு வழியும் இல்லை.

மாதக் கடைசி நெருங்கிவிட்டிருந்தது. புதிய ஏற்பாடு ஓட ஆரம்பித்த முதல் முற்பகலில் நாங்கள் இருவரும் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார். என்ன எழுதுகிறார் என்று பார்க்கக் கூடாது, பார்க்கவும் இல்லை. எழுத்து விழுகிறது என்பது மட்டும் தெரியும். விழுந்தது. நின்றது. விழுந்தது. வெகுநேரம் நின்றது. திரை இறங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் திரை விலகியது. அவர் விட்ட இடத்திலிருந்து எழுதினார். அந்த அம்மா மனப்பாடமான முதல் வரியை முதல் தடவையாகத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அது வளர்ந்தது.

கடைசி நாள் அன்று அவர் வரவில்லை. முற்பகல் போயிற்று. அண்ணி நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் உதவி எண்ணைப் பார்ப்பதும் பதிவைப் பார்ப்பதுமாக இருந்தேன். "உடம்பு சரியில்லையோ?" என்றேன். "வாயை மூடு" என்றார் அண்ணி, முதல் முறையாக என்னிடம் கோபமாக. மதியச் சாப்பாட்டுக்குக் கடைக்காரர்கள் கீழே ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் திரை விலகியது. ஒரு சொல். வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சொல். அப்புறம் அந்தப் பயனர் எண்ணுக்கு எதிரே, 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

நான் கத்திவிட்டேன். அண்ணி சத்தம் போடவில்லை. எழுந்தார். "இதோ வந்துட்டேன்" என்றார். மாடிப்படிக்குப் போய், ரப்பர் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் கூடப் போகவில்லை. அவர் வருகிறவரை அவருடைய போனையும் சேர்த்து நானே எடுத்தேன்.

சில வாரங்கள் போயின. ஒரு முற்பகலில் உதவி எண் அடித்தது. எடுத்தேன். பேச்சு இல்லை, மூச்சு. பின்னால் சுவர்க்கடிகாரம். நான் இரண்டாவது முறை ஹலோ சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நாளை... க்கு" என்றது குரல்.

கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"ஸ்கூல்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த முறை அவர்தான் எனக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அண்ணியிடம் சொல்லத் திரும்பினால் நாற்காலி காலி, மேசையில் பாதிக் காபி. எங்கே போய்த் தொலைந்தாரோ!

"அம்மா, அண்ணி இப்பத்தான் எழுந்து போனாங்க. இதோ வந்துடுவாங்க" என்றேன். "வச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் இருக்கீங்களா?"

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்... கேன்" என்றார்.